பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு பேர்

"நான் மிதிக்கலைங்கறேன். அப்புறமும் என் காலையே பார்த்துண்டிருந்தா என்னம்மா அர்த்தம்?"

அபூர்வா வலது செருப்பைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தை மாமியாரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். செருப்பில் தூசி இருந்தது, எலுமிச்சை இல்லை.

"செருப்பை ஓங்கறா, நீ பார்த்துண்டு நிக்கறே," என்றாள் பட்டு மாமி மகனிடம். "தை பொறந்த அன்னிக்கு நான் என் கையால வெச்ச பழம். நாலையும் கூழாக்கியாச்சு. பிடிக்கலைன்னா வாயால சொல்றது."

"ஓங்கலை. காட்டறேன்."

"அம்மா, கொஞ்சம் மெதுவா. மேலே சோப்ரா ஆன்ட்டி நிக்கறா," என்றான் ஸ்ரீவத்ஸன்.

நின்றாள்தான். இரண்டாம் மாடி பால்கனிச் சுவரின்மேல் முறத்தை வைத்துக்கொண்டு பச்சைப் பட்டாணி உரித்தபடி, பனிமூட்டத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தில்லி ஜனக்புரியில் இருபது வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு மேலே குடியிருக்கிறாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மாமியார் மருமகள் சண்டையைப் புரிந்துகொள்ள அவளுக்கு மொழி தேவைப்பட்டதும் இல்லை.

சண்டை நடந்த இடம், வீட்டுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டிகள் நிறுத்துகிற இடம். அதன் கோடியில் ஸ்ரீவத்ஸனின் கார் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நான்கு சக்கரங்களும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கின. முந்தின நாள் பொங்கலன்று, பட்டு மாமி அந்த நான்கு சக்கரங்களுக்கும் கீழே ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தாள். தில்லித் தமிழர்கள் புது வண்டி வாங்கினால் மலை மந்திர் முருகன் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பழத்தின்மேல் ஏற்றி இறக்குவார்கள். இந்த வண்டியோ கேட்டைத் தாண்ட முடியாது. அதில் பிரேக் மாற்றுகிற வேலை நடந்தது மார்கழியில். ஆகவே தை பிறந்ததும் பூஜை ஆகியே தீர வேண்டும் என்றாள் மாமி. சக்கரமே அந்தரத்தில் தொங்குகிறதே என்று மகன் சிரித்ததற்கு, "கீழே வெச்சாப் போறும். இறக்கறச்சே தானா நசுங்கிக்கும்," என்றாள்.

வண்டியை யாரும் இறக்கவில்லை. பழங்கள் நசுங்கியிருந்தன.

நசுங்கியிருந்தன என்றால் அப்பளம் மாதிரி. செருப்புக் காலால் மிதித்தால் அப்படி ஆகாது என்று மாமிக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். ஆனால் மருமகளைச் சொல்வதில் இருக்கிற நிம்மதி வேறெதில் கிடைக்கும். அபூர்வா குந்தி உட்கார்ந்து பார்த்தாள். தோலில் டயரின் வரிகள் அச்செடுத்தாற்போல் பதிந்திருந்தன. விதைகள் எல்லாம் பின்பக்கமாகத் தெறித்திருந்தன, வண்டி முன்னால் உருண்டால் தெறிப்பது போல. தலைக்கு மேலே தொங்கிய டயரைத் தொட்டாள். உலர்ந்த ரப்பர். ஒரு சொட்டுச் சாறு இல்லை. எலுமிச்சை வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. மலை இறங்கி வந்த லாரியின் பக்கத்தில் நின்றால் வருமே, பிரேக் சூடேறிய இரும்பு வாடை, அது. அந்த பிரேக்குகள் மாட்டப்பட்டதிலிருந்து ஒரு அடிகூட ஓடியதில்லை.

"இஸ்மாயில் வேலையா இருக்கும்," என்றான் ஸ்ரீவத்ஸன். "வேற யாருக்கு இவ்வளவு வேலையத்த நேரம் இருக்கு?"

போன் போட்டுக் கேட்டதற்கு, தான் நேற்று முழுக்க கரோல் பாகில் தன் அறையில் காய்ச்சலோடு படுத்திருந்ததாக இஸ்மாயில் சொன்னான். சத்தியமும் செய்தான்.

இந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு படித்த ஆண்கள் ஏன் ஞாயிற்றுக்கிழமைகளை சிமென்ட் தரையில் மல்லாந்து கழித்தார்கள் என்பது விளங்காது. ஜப்பானில் செய்த இரண்டு ஆள் உட்காருகிற ஸ்போர்ட்ஸ் கார்; யாரோ ஒரு தூதரகத்து அதிகாரி ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. வயது ஸ்ரீவத்ஸனுக்கு ஆவதைவிட இரண்டு கூடுதல். குருகிராமில் கணினியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகிற அவன், அதை வாங்கிய அன்று நிஜமாகவே அழுதான் என்று அபூர்வா தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். கல்யாணத்தில் அழவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறாள். அவன் கூட்டாளி இஸ்மாயில் கீழக்கரைப் பையன், டிவி சேனலில் வேலை. அவனிடம் அதே காரின் அடுத்த தலைமுறை இருந்தது. எஞ்சின் செத்துப்போன உடம்பு. பழையதன் பிரேக் சின்னது, ஸ்பிரிங் தளர்ந்தது. அடுத்த தலைமுறையில் டிஸ்க் பெரிது, அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் பெரிது, ஷாக் அப்சார்பரும் கெட்டி. கொஞ்சம் ராவி, கொஞ்சம் துளையிட்டு, பெரிய சக்கரமாகப் போட்டுவிட்டால் அதெல்லாம் இதற்குப் பொருந்தும். உலகத்தில் பலரும் செய்வதுதான். இளையவனின் கால்களை மூத்தவனுக்கு மாட்டிவிடுகிறோம் என்று இஸ்மாயில் சொல்வான்.

பிரேக் எடுத்த அந்தக் காரில் யாராவது செத்தார்களா என்று பட்டு மாமி கேட்டாள். யாரும் சாகவில்லை. விசாரித்தாயிற்று. அது ஒருவரையும் இடித்ததில்லை, ஒருவரையும் கீறியதுகூட இல்லை.

பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டி தில்லித் தெருவில் இறங்கக்கூடாது. பிடித்தால் நேரே உடைக்கிற இடத்துக்குத்தான். அதனால் அதை ஹிமாச்சலத்துக்கு மாற்ற அனுமதி வாங்கியிருந்தான். வருகிற ஞாயிறு காலை அங்கே மலைமேல் இருக்கிற ஸோலன் வரை அவனே ஓட்டிக்கொண்டு போவது, இஸ்மாயில் தன் சின்னக் காரில் பின்னால் வருவது என்று ஏற்பாடு.

"டிரக்ல ஏத்தி அனுப்பேன்," என்றாள் அபூர்வா, பழத்தோல்களைப் பெருக்கிக்கொண்டே.

"பிரேக்கை மாத்தினதே ஓட்டறதுக்குத்தான் பாஸ்."

பெண்டாட்டியை அவன் பாஸ் என்றுதான் கூப்பிடுவான். அபூர்வா குப்பை முறத்தைக் கையில் எடுத்தாள். முறத்தில் இருந்த தோல்கள் கொஞ்சம்கூடக் காயாமல் வெதுவெதுப்பாக இருந்தன. அவன் அந்த வண்டியில் ஏறக்கூடாது என்று அவளுக்கு அப்போது தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரியாததை வைத்து ஸ்ரீவத்ஸனிடம் எதையும் சாதிக்க முடியாது.

*

சனிக்கிழமை மதியம் வரை பனி விலகவில்லை. பகல் என்று பேர், தூணுக்குத் தூண் டியூப்லைட் எரிந்தது. மிச்சமிருந்த வேலை பிரேக்கில் காற்று எடுப்பது.

குழாய்களைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்துவிடும். காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குமே தவிர வண்டி நிற்காது. அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து ஒரு சின்னத் திருகைத் திறக்க வேண்டும். பிரேக் ஆயிலும் குமிழிகளும் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் வரும். உள்ளே இருப்பவரின் காலடியில் பெடல் தானாகத் தரைவரை இறங்கும். திருகை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். ஆகவே அமுக்கு, பிடி, விடு என்று கீழே இருப்பவர் சொல்ல, மேலே இருப்பவர் செய்ய வேண்டும். கல்யாணமான புதிதில் கீழேயிருந்து இந்த மூன்று வார்த்தைகளும் மாறி மாறிக் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று சோப்ரா ஆன்ட்டி ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி விசாரித்தாள். அர்த்தம் கேட்டபின் அவளுக்கு ஏமாற்றம்.

டிரக் பேச்சுக்குப் பிறகு இருவருக்கும் சரியான பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் அபூர்வா வந்து உட்கார்ந்தாள். அவன் உயிர் அந்தப் பெடலில் இருக்கிறது. அதை வேறு யாரிடம் விட.

"அமுக்கு பாஸ்."

அமுக்கினாள்.

"பிடி."

பெடல் காலடியில் மெல்ல இறங்கியது.

"விடு பாஸ்."

பின்சக்கரங்கள் இரண்டும் முடிந்தன. உட்கார்ந்த இடத்திலிருந்து அவளுக்கு அவன் தெரியவில்லை. குரல் மட்டும் தகரத்துக்கு அடியிலிருந்து வந்தது. எதிரே பனி, கேட், கேட்டுக்கு அப்பால் யாரோ போர்த்திவிட்ட கம்பளியோடு நிற்கிற ஒரு நாய். சீட்டில் பழைய தோலின் புளித்த வாசனை. மேலே மாமியின் குக்கர் விசில். பெடல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டது. ஸ்பானர்கள் உருள்கிற சத்தம், செருப்புச் சத்தம், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இடது முன்சக்கரத்துக்குப் போகிறான் என்று நினைத்துக்கொண்டாள். குளிரில் விரல்கள் மரத்தன.

"அமுக்கு."

அமுக்கினாள்.

"பிடி."

இறங்கியது.

"விடு."

கோபம் போல, பாஸைக் காணோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் லேசாக வலித்தது. அப்படியே நாலைந்து முறை போயிற்று. இடது முன்சக்கரம் முடிந்து குரல் வலதுபக்கம் வந்தது, அவள் முழங்காலுக்கு நேர் கீழே. அங்கிருந்து யாரும் நகர்ந்து வந்த சத்தம் கேட்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

"அமுக்கு."

அவள் அமுக்கும்போது மடியில் இருந்த போன் அதிர்ந்தது.

"பாஸ், நீ இன்னும் வண்டியிலயேவா இருக்கே?" என்றான் ஸ்ரீவத்ஸன். பின்னால் ஆட்டோக்களின் ஹாரன். "ஆயில் காலி. கடைக்கு வந்திருக்கேன், சொல்லிட்டுத்தானே வந்தேன். நம்ம ஆயில் ஸ்டாக் இல்லையாம், வேற கடை பார்க்கணும். குளிர்றது, நீ மேலே போய்டு."

"பிடி," என்றது, அவள் முழங்காலுக்குக் கீழே.

பெடல் இறங்கத் தொடங்கியது.

அவள் இறக்கவில்லை. கால் மரக்கட்டையாக நின்றது. காலுக்கு அடியில் அது இறங்கிக்கொண்டே போனது, யாரோ திருகைத் திறந்திருக்கிறார்கள் என்கிற மாதிரி, பொறுமையாக, சீராக, தரைவரை.

"ஹலோ? பாஸ்?"

போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

"விடு."

விட்டாள். விடாவிட்டால் என்ன ஆயிற்று என்று பார்க்க அது எழுந்திருக்கும். கதவுக்கு அந்தப்பக்கம், கண்ணாடிக்கு நேரே, எழுந்து நிற்கும். அது மட்டும் கூடாது. அமுக்கு. அமுக்கினாள். பிடி. பிடித்தாள். போன் கையிலேயே அணைந்தது. விடு. மேலே குக்கர் ஓய்ந்துபோயிருந்தது. நாய் இல்லை. அமுக்கு. கதவைப் பார்க்கவில்லை. கீழே பார்க்கவில்லை. பிடி. பெடல் கல்லாகிவிட்டது. விடு.

பிறகு கேட்கவில்லை.

ஸ்ரீவத்ஸன் புது ஆயில் டப்பாவோடு வந்தபோது அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் நான்கு திருகுகளையும் தொட்டுப் பார்த்தான். பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தான்.

"நாலும் முடிஞ்சிருக்கு. இஸ்மாயில் வந்தானா?"

அவள் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்; சிரிக்கக்கூட இல்லை. பிறகு அவள் தோளில் கைவைத்து, "நீ தூங்கி ரொம்ப நாளாச்சு," என்றான். "இவ்வளவு சுத்தமா நானே எடுத்ததில்லை. ஒரு குமிழி இல்லை, பார்." சக்கரத்தடியில் ஆயில் பிடித்திருந்த பாட்டிலை டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிக் காட்டினான். அவன் சொன்னது உண்மைதான். ஒரு குமிழி இல்லை.

*

சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில், அவனும் மாமியும் டிவி முன்னால் இருக்கும்போது, அபூர்வா கார் சாவியையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு கீழே போனாள். அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. ஆயிலை எல்லாம் திறந்துவிட்டுவிடலாம். காலையில் முதல் மிதியிலேயே பெடல் தரையைத் தொடும், அவனுக்குத் தெரிந்துவிடும், வண்டி கேட்டைத் தாண்டாது. ஞாயிறு போனால் வேறு ஞாயிறு, அதற்குள் டிரக். யாருக்கும் ஆபத்தில்லை.

ராமாவை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நான்கு திருகுகளையும் திறந்தாள். தட்டில் ஆயில் சொட்டியது. உள்ளே கையை விட்டுப் பெடலை அழுத்தினாள். செத்த நாக்கு மாதிரி தொங்கியது. மறுபடி ஊற்ற முடியாதபடி, அவன் வாங்கி வந்த முழு ஆயில் டப்பாவையும் மேலே கொண்டுவந்து, துணி அலமாரியில் தன் புடவைகளுக்குக் கீழே வைத்தாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்தாள். கண்ணயர்ந்தது தெரியவில்லை.

காலையில் ஸ்ரீவத்ஸன் கீழேயிருந்து சந்தோஷமாகப் படியேறி வரும் சத்தத்தில் விழித்தாள்.

"கல்லு மாதிரி இருக்கு பாஸ். ஸ்டாண்டுலேர்ந்து இறக்கித் தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டேன். தொட்டா நிக்கறது."

அவள் அலமாரியைத் திறந்தாள். டப்பா அங்கேயே இருந்தது. எடுத்தாள். காலி. மூடி இறுக்கமாக இருந்தது. புடவைகளில் ஒரு துளி கறை இல்லை.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். திருகைத் திறக்க ஒன்று. பெடலை அமுக்க ஒன்று. அவள் இதுவரை ஒன்றைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தாள்.

ஸ்ரீவத்ஸன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, மலைக்குளிருக்கான கெட்டி சாக்ஸ் மாட்டக் காலைத் தூக்கினான். வலது உள்ளங்காலில், பாதம் அகலமாகிற இடத்தில், குறுக்கே வரி வரியாகச் சிவந்து பதிந்திருந்தது. பெடல் ரப்பரின் வரிகள். ரொம்ப நேரம், ரொம்ப அழுத்தி, வெறுங்காலால் மிதித்திருந்தால் மட்டுமே அப்படிப் பதியும். அவன் ஷூ போடாமல் வண்டியில் ஏறியதே இல்லை.

அவள் அந்தக் காலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"போகாதே. நேத்து சாயங்காலம் ஆயிலையெல்லாம் நான் திறந்துவிட்டேன். நாலுலயும். பெடல் செத்துப்போச்சு, நானே பார்த்தேன்."

"என்ன பண்ணினே?"

"நீ போகக்கூடாதுன்னு—"

"பிரேக்ல கை வெச்சியா?" அவன் குரல் இறங்கிவிட்டது. "மலை ரோடுல போறேன்னு தெரியும். தெரிஞ்சு பிரேக்ல கை வெச்சே."

வாசலில் பட்டு மாமி குங்குமச் சிமிழோடு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டாயிற்று என்று முகம் சொன்னது. ஸ்ரீவத்ஸன் காலை உருவிக்கொண்டான். கீழே போய் மறுபடியும் நான்கு சக்கரங்களையும் பார்த்தான். எங்கும் ஒழுகல் இல்லை, ஆயில் நிறைந்திருந்தது.

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும் அபூர்வா," என்றான். கல்யாணமாகி அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மாமி அவன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். வண்டி பனிக்குள் போனது. பின்னால் இஸ்மாயில் போனான்.

*

நடந்ததை இஸ்மாயில் போலீசுக்கு ஒரு விதமாகவும் அபூர்வாவுக்கு ஒரு விதமாகவும் சொன்னான். இரண்டிலும் பொய் இல்லை, ஒன்றில் குறைவு. கர்னால் தாண்டி, முன்னால் போன ஸ்ரீவத்ஸன் வண்டியில் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிரேக். குறுக்கே எதுவும் வரவில்லை. வண்டி அலுங்காமல் நடுரோட்டில் நின்றது. நின்றதுதான், நகரவில்லை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. இஸ்மாயில் இறங்கி ஓடினான்.

"முன்சக்கரத்துக்கு அடியில ரெண்டு காலு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மல்லாந்து படுத்தவங்க காலு மாதிரி. யார் மேலயோ ஏத்திட்டான்னு நெனச்சேன். கிட்டப் போனா ஒண்ணும் இல்ல." அதை அவன் அவளிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னான். "இவன் உள்ள உக்காந்திருக்கான். கண்ணு திறந்திருக்கு. மச்சான் மச்சான்னு உலுக்கறேன். காலை பெடல்லேர்ந்து எடுக்க முடியல. நாலு பேர் சேர்ந்தோம்."

காலை எடுத்தார்கள். மடக்க முடியவில்லை. மருத்துவமனையில் படமெல்லாம் எடுத்தார்கள். எலும்பு சரி, நரம்பு சரி, மூளையும் சரி. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேச்சுக் கொடுக்கச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு பக்கம் போனார்கள். இஸ்மாயில் ஊரில் நிக்காஹ் முடித்துக்கொண்டு ஷார்ஜா போய்விட்டான். அங்கே அவன் கார் ஓட்டுவதில்லை, மனைவிதான் ஓட்டுகிறாள் என்று கேள்வி. பட்டு மாமி, பிரேக்கில் கை வைத்தவளோடு ஒரு கூரைக்கடியில் இருக்க மாட்டேன் என்று பெங்களூரில் பெண் வீட்டோடு போய்ச் சேர்ந்தாள். அதைப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டும் போனாள். சோப்ரா ஆன்ட்டி வீட்டை விற்றுவிட்டு நொய்டாவுக்குப் போனாள். ஏன் என்று கேட்டவர்களிடம் காற்று சரியில்லை என்றாள், தில்லியில் அதை யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. அவள் வீட்டுக்கு ஷ்வேதா, குணா என்று புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. வந்த மாதமே வேறிடம் பார்க்கிறார்கள்.

அபூர்வா போகவில்லை. ஸ்ரீவத்ஸன் ஹாலில் கட்டிலில் படுத்திருக்கிறான். வலது கால் விறைத்து நீண்டு, உள்ளங்கால் கட்டிலின் கால்மாட்டுப் பலகையை அழுத்திக்கொண்டிருக்கிறது. பலகையில் விரிசல் விட்டாயிற்று. ஆரம்பத்தில் அவன் காதில் அவள் சொல்லிப் பார்த்தாள். விடு. விடு பாஸ், போறும், விடு. அவள் சொன்னால் அவனுக்கு எடுபடவில்லை. சொல்ல வேண்டியது அவள் இல்லை.

இப்போது அவன் காதுகளில் பஞ்சு வைத்து அடைக்கிறாள். அந்த வார்த்தை கீழேயிருந்து வந்து அவன் காதில் விழுந்துவிடக்கூடாது என்று; விழுந்தால் காலோடு உயிரையும் விட்டுவிடுவான்.

ஏனென்றால் மத்தியான வேளைகளில், தெருச் சத்தம் அடங்கியபின், கட்டிலுக்கு அடியில், அவன் காலுக்கு நேர் கீழே, இரும்பில் இரும்பு திருகுகிற சின்னச் சத்தம் வருகிறது. அது வந்ததும் அவன் மார்பு இறங்கத் தொடங்குகிறது. பொறுமையாக. சீராக. மூச்சு வெளியே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன, வயிறு முதுகோடு ஒட்டுகிறது. திரும்ப ஏறுவதில்லை. திருகு மூடுகிற சத்தம் வரும்வரை ஏறுவதில்லை.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கீழே பார்ப்பதில்லை. அவன் உதட்டோரத்தில் ஒரு குமிழி வந்து உடைகிறது. பிறகு இன்னொன்று, முன்னதைவிடச் சின்னது.

கால் பிடித்துக்கொண்டிருக்கிறது.